எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை: 80,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள், விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள்

கேள்வி: சென்னைக்கு வடக்கே ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.இ. சிவில் இறுதியாண்டு தொடங்கியிருக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 7.9. இரண்டாம் ஆண்டில் ஒரு அரியர் விழுந்தது, அடுத்த பருவத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டாக மீஞ்சூர் பக்கத்துக் கிணறுகளில் நீரின் உப்புத்தன்மையை அளந்தோம். ஐரோப்பாவில் முழுச் செலவும் கிடைக்கும் எராஸ்மஸ் முண்டஸ் முதுகலைக்கு விண்ணப்பிக்க ஆசை. ஒரு கன்சல்டன்சியில் 80,000 ரூபாய் கட்டினால் சீட் உறுதி என்கிறார்கள். அப்பா லாரி ஓட்டுநர். கட்டலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கட்டாதீர்கள். எராஸ்மஸ் முண்டஸில் ஏஜென்டுக்கென்று ஒரு இடமும் கிடையாது. இது ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம் என்றாலும், மாணவரைத் தேர்ந்தெடுப்பது தூதரகமோ பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒன்றிய அலுவலகமோ இல்லை. அந்தந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பே விண்ணப்பத்தைப் படித்து மதிப்பெண் போடுகிறது. விண்ணப்பமும் அவர்கள் இணையதளத்துக்கே நேராகப் போகிறது. பெரும்பாலான படிப்புகளுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. 'உறுதி' என்று சொல்ல வெளியில் யாருக்கும் அதிகாரமில்லை.

முதலில் தொகையைப் பார்ப்போம். மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்கள், மொத்தம் 33,600 யூரோ. கல்விக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் இதற்கு வெளியே, கூட்டமைப்பின் பொறுப்பில். ஆனால் விமான டிக்கெட், விசா, குடியேறும் செலவு எல்லாம் அந்த 1,400-க்குள்தான். பயணத்துக்குத் தனித்தொகை என்பது 2021-க்கு முந்தைய முறை. பழைய காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பலரும் இன்னும் அதை எதிர்பார்க்கிறார்கள். வயது வரம்பு கிடையாது. வேலை அனுபவத்தையும் பெரும்பாலான படிப்புகள் கட்டாயமாக்குவதில்லை. இறுதியாண்டில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொல்வதற்கு அதுவே முதல் காரணம். பிரிட்டனின் செவனிங்குக்கும், வளர்ச்சி சார்ந்த முதுகலைகளுக்கு ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பு தரும் உதவித்தொகைக்கும் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட் நேரு முதுகலைக்கு மூன்று ஆண்டு. அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று உண்டு. ஒரு கூட்டமைப்பு தன் திட்டக் காலம் முழுவதிலும் தரும் உதவித்தொகைகளில் ஒரே நாட்டவருக்கு 10 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது. மொத்தம் 60 உதவித்தொகை, நான்கு ஆண்டுச் சேர்க்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு அதிகபட்சம் 6, அதாவது ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. சில திட்டங்களில் ஆசியாவுக்கெனக் கூடுதலாக ஒதுக்கும் இடங்களுக்கு இந்த வரம்பு கிடையாது. ஆக, நீங்கள் போட்டி போடுவது உலகத்தோடு என்பதைவிட, அதே படிப்புக்கு விண்ணப்பிக்கும் மற்ற இந்தியர்களோடு. டேட்டா சயன்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று போனால் அந்த வரிசை மிக நீளம். நிலத்தடி நீர், வெள்ள மேலாண்மை, கடலோரப் பொறியியல் போன்றவற்றில் வரிசை சிறியது. உங்கள் கையில் ஏற்கெனவே மீஞ்சூர் வேலை இருக்கிறது. அங்கே கடல்நீர் பல கிலோமீட்டர் தூரம் நிலத்தடிக்குள் ஊடுருவியிருப்பது நீரியல் படித்தவர்கள் நன்கு அறிந்த விஷயம். 7.9 என்ற எண்ணைவிட அந்த ப்ராஜெக்ட்தான் உங்களுக்குப் பெரிய மூலதனம்.

படிப்பைத் தேட ஐரோப்பிய ஆணையத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கேட்டலாக்கைத் திறந்து, துறைவாரியாகப் பாருங்கள். நிலத்தடி நீருக்கென்று லிஸ்பன், டெல்ஃப்ட், ட்ரெஸ்டன் மூன்றையும் இணைத்து, பருவத்துக்கு ஒரு ஊராக உருவாக்கிய முதுகலை உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்தும் வகை. எந்தப் படிப்பாக இருந்தாலும் அதன் இணையதளத்தில் முதலில் தேட வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் சேரப்போகும் ஆண்டுக்கு உதவித்தொகை உண்டா? ஆணையம் ஒவ்வொரு திட்டத்துக்கும் சில சேர்க்கைகளுக்கு மட்டுமே பணம் தருகிறது. அது தீர்ந்த பிறகும் படிப்பு நடக்கும், ஆனால் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியிருக்கும். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் உழைத்து விண்ணப்பித்தவர்கள் உண்டு.

முன்பு ஆண்டுக்கு மூன்று படிப்புக்கு மேல் விண்ணப்பிக்கக் கூடாது என்ற வரம்பு இருந்தது. இப்போது இல்லை. அதற்காகப் பத்துக்குப் போடாதீர்கள். மூன்று அல்லது நான்கு, ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதிய கடிதத்தோடு. அதற்கு மேல் போனால் கடிதங்கள் ஒன்றையொன்று நகலெடுக்கத் தொடங்கும், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் அக்டோபரில் திறந்து டிசம்பர், ஜனவரியில் மூடும். படிப்பு அடுத்த செப்டம்பர் வாக்கில் தொடங்கும். இறுதியாண்டு மாணவர்களைப் பல படிப்புகள் ஏற்கின்றன, சேரும் நாளுக்குள் பட்டம் முடிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உங்கள் கடைசிப் பருவ முடிவும் ப்ரொவிஷனல் சான்றிதழும் எந்த மாதம் வரும் என்று மூத்த மாணவர்களிடம் விசாரித்துக்கொண்டு, அந்தத் தேதியைச் சொல்லி, 'அப்போது கொடுத்தால் போதுமா' என்று ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போதே தொடங்க வேண்டியது பெயர். நம் ஊரில் இது பெரிய தலைவலி. மதிப்பெண் பட்டியலில் 'கலைச்செல்வி எம்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'கலைச்செல்வி மாரியப்பன்' அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலி. ஐரோப்பிய போர்ட்டலில் குடும்பப் பெயர் கட்டாயம். அந்த இடத்தில் ஒருவர் இனிஷியலைப் போடுவார், இன்னொருவர் அப்பா பெயரைப் போடுவார், ஆங்கிலத் தேர்வுச் சான்றில் மூன்றாவதாக ஒன்று இருக்கும். விசா வரை இது துரத்தும். பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு எடுங்கள். சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். அதன்பின் எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரே பெயர். மதிப்பெண் பட்டியலில் இருப்பவரும் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஆங்கிலத்தில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத் தேர்வுக்கு முன் ஒவ்வொரு படிப்பின் நிபந்தனையையும் படியுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ்.-ஸில் மொத்தம் 6.5, எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையாமல் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. கட்டணம் 18,000 ரூபாய் அளவில் இருப்பதால் இரண்டு முறை எழுதும் நிலை வரக்கூடாது. ஆங்கில வழியில் படித்ததற்கான கல்லூரிச் சான்றையே சில படிப்புகள் ஏற்கும். எந்தத் தேர்வு செல்லும் என்பதைக் கூட்டமைப்புதான் முடிவு செய்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த நான்கு படிப்புகளும் ஏற்கும் ஒரே தேர்வு எது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அக்டோபருக்குள் எழுதிவிட்டால், மதிப்பெண் குறைந்தாலும் திரும்ப எழுத அவகாசம் இருக்கும்.

சான்றுகளில், எல்லாப் பருவ மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்டுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுத் துறையில் வாரக்கணக்கில் ஆகும், செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பருவ மதிப்பெண் பட்டியல்களைப் போனில் படமெடுத்து ஏற்றாதீர்கள். ஸ்கேன் செய்து, வரிசையாக ஒரே பி.டி.எஃப். ஆக்கி, தர அளவுகோல் அச்சிட்ட பின்பக்கத்தையும் சேருங்கள். 10-க்கு 7.9 என்பது உங்கள் கல்லூரியில் நல்ல மதிப்பெண்ணா, சாதாரணமா என்று ஐரோப்பியப் பேராசிரியருக்குத் தெரியாது. துறைத் தலைவரிடம் 'இந்த வகுப்பில் இத்தனை பேரில் இத்தனையாவது இடம்' என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு வரிச் சான்று வாங்குங்கள். நல்ல இடமாக இருந்தால் அது வேலை செய்யும். முடித்த அரியரைப் பற்றிக் கடிதத்தில் விளக்கம் எழுத வேண்டியதில்லை, கேட்டால் ஒரு வரியில் சொன்னால் போதும். சில படிப்புகள் இன்னும் இருப்பிடச் சான்று கேட்கின்றன. ஆதாரும் பாஸ்போர்ட்டும் பெரும்பாலும் செல்லாது. முகவரியோடு அண்மைத் தேதியிட்ட போனஃபைட் சான்றிதழ் பொதுவாகப் போதும்.

இனி நோக்கக் கடிதம். முடிவு பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. நம் மாணவர்கள் எழுதும் கடிதத்தின் முதல் பத்தி எப்படி இருக்கும் என்றால்: சிறுவயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம், தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை, உலகத்தரம் வாய்ந்த உங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பது என் கனவு. இதில் எழுதியவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த இடத்தில் உங்கள் கிணறுகளை வையுங்கள்:

'மீஞ்சூரைச் சுற்றி 14 கிணறுகளில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் நீர் எடுத்து, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்தோம். மழைக்குப் பின் 9 கிணறுகளில் அளவு குறைந்தது. கடலை ஒட்டிய 5 கிணறுகளில் குறையவில்லை. ஏன் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆழவாரியாக அளவெடுக்கவில்லை, நிலத்தடி ஓட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கவும் எங்களுக்குத் தெரியவில்லை.'

எண்கள் உதாரணத்துக்கு. உங்கள் களக் குறிப்பேட்டில் உள்ளதைப் போடுங்கள். கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். தெரியாததை வெளிப்படையாக எழுதினால் இடம் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் அந்த இடைவெளிதான் 'நீங்கள் ஏன் இங்கே வர வேண்டும்' என்ற கேள்விக்குப் பதில். அடுத்த பத்தியில் அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தைத் திறந்து, ஓட்ட மாதிரியாக்கம் எந்தப் பருவத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தில் வருகிறது என்று பாடப் பெயரோடு எழுதுங்கள். மூன்று நாடுகளில் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கும் அங்கேயே காரணம் கிடைக்கும். மூன்றாவது பத்தியில் படித்து முடித்த பின் செய்யப்போகும் வேலை: எந்த வகை அலுவலகம், எந்தப் பிரச்சினை. 'நாட்டுக்குச் சேவை' என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்பாவின் வருமானம், வீட்டுச் சிரமம் இவற்றுக்கு இந்தக் கடிதத்தில் இடம் தேவையில்லை, பெரும்பாலும் மதிப்பெண் போடுவது தகுதிக்குத்தான். பல கூட்டமைப்புகள் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை இணையதளத்திலேயே போட்டிருக்கின்றன. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். கணினிக் கருவியிடம் எழுதச் சொல்லி ஒப்படைத்தால் உங்கள் கிணறுகள் மறைந்து மற்ற நூறு கடிதங்களோடு ஒன்றாகிவிடும். இலக்கணம் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் வழக்கமாக இரண்டு. 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்று பேராசிரியர் சொல்வது நம் கல்லூரிகளில் சகஜம். இரண்டையும் நீங்களே எழுதினால் ஒரே நடை, ஒரே எழுத்துரு, ஒரே 'கடின உழைப்பாளி'. மாறாக, ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுங்கள்: அவரிடம் படித்த பாடம், மதிப்பெண், ப்ராஜெக்டில் நீங்கள் தனியாகச் செய்தது, அவர் நேரில் பார்த்த ஒரு சம்பவம். எழுதுவது அவராக இருக்கட்டும். சில போர்ட்டல்கள் பேராசிரியருக்கே நேராக இணைப்பை அனுப்பும். அதற்குக் கல்லூரியின் அதிகாரபூர்வ மின்னஞ்சல் முகவரி வேண்டும், ஜிமெயிலைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் விழுந்து, கெடு முடிந்த பின் கண்டுபிடிக்கப்படுவது ஆண்டுதோறும் நடக்கிறது. இணைப்பு போன அன்றே அவர் அறைக்குப் போய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கெடு பெரும்பாலும் மத்திய ஐரோப்பிய நேரப்படி. குளிர்காலத்தில் நாம் நான்கரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 11:59 என்றால் இங்கே விடியற்காலை 4:29. அதை நம்பிக் கடைசி இரவு வரை காத்திருக்காதீர்கள். மூன்று நாள் முன்பே அனுப்பிவிட்டு, உறுதி மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள்.

சில படிப்புகள் இணையவழியில் சிறு நேர்காணல் வைக்கும். உங்களிடம் நிச்சயம் வரக்கூடிய கேள்வி: அந்தக் கிணறுகளை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? வழியில் கிடைத்த கிணறுகள் என்றால் அப்படியே சொல்லி, மறுபடி செய்தால் எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிடைத்துவிட்டால் பணத்தை மறுபடி பாருங்கள். முதல் தவணை பொதுவாக அங்கே போய் வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகே வரும். டிக்கெட், விசா, சான்றொப்பம், முதல் மாத வாடகை, வீட்டு முன்பணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ரூபாய் கையில் தேவைப்படும். அந்தக் கன்சல்டன்சிக்குக் கொடுக்க நினைத்த 80,000-ஐ இதற்கு ஒதுக்குங்கள். நிதி ஆதாரத்துக்கு உதவித்தொகைக் கடிதமே பொதுவாகப் போதும். பட்டச் சான்று வெளிநாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்டில் முத்திரை, பாஸ்போர்ட் அலுவலகத்தின் காவல்துறைச் சான்று போன்றவை முதல் நாட்டைப் பொறுத்துத் தேவைப்படலாம். முடிவு வந்த வாரமே அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், விசா நேர்காணல் தேதி கிடைப்பதுதான் கோடையில் பெரிய நெருக்கடி.

முடிவு பொதுவாக மார்ச், ஏப்ரலில் வரும். அது மூன்று விதமாக இருக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உதவித்தொகையோடு இடம், காத்திருப்புப் பட்டியல், உதவித்தொகை இல்லாமல் இடம். மூன்றாவதைப் பார்த்து மகிழ்ந்து கடன் வாங்கிப் புறப்படாதீர்கள். அதற்குக் கல்விக் கட்டணமும் நீங்கள்தான் கட்ட வேண்டும். காத்திருப்புப் பட்டியல் என்றால் நம்பிக்கை இழக்க வேண்டாம். ஒருவருக்கு இரண்டு படிப்புகளில் கிடைத்தாலும் ஒன்றைத்தான் ஏற்க முடியும், அவர் விட்ட இடம் கீழே இறங்கி வரும். அப்படி வரும் மின்னஞ்சலுக்குச் சில நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் ஜூலை வரை தினமும் ஸ்பாம் பெட்டியையும் சேர்த்துப் பாருங்கள்.