கோப்பின் முதல் பக்கத்தில் ஒரு சொல்

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

கேள்வி: நான் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஹெராயின் ஊசிப் பழக்கம் உள்ள ஒருவர், கையில் சீழ்க்கட்டி கீறப்பட்டு எங்கள் வார்டில் சேர்ந்தார். இரவு முழுவதும் வலிக்கிறது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். 'மருந்துக்காக நடிக்கிறார், கண்டுகொள்ளாதே' என்று மூத்தவர்கள் சொன்னதால் நானும் போகவில்லை. மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிட்டார். நடிப்பையும் வலியையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: நீங்கள் போகவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருப்பதால், நானும் மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், காய்ச்சலோடு வந்த ஓர் இளைஞரின் கோப்பில் முதல் வரியாக 'போதை ஆசாமி' என்று எழுதினேன். அதன் பிறகு அவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த வரியைத்தான் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து, கோப்பைப் படிக்காமல் நேரே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்த ஒரு மருத்துவருக்குத்தான் இதய வால்வில் கிருமித்தொற்று இருப்பது புலப்பட்டது. ஊசி போட்டுக்கொள்பவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டிய நோய்களில் அதுவும் ஒன்று என்பது எனக்குத் தெரியாததல்ல. நான் எழுதிய சொல்லே என் கண்ணையும் கட்டிவிட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டியைக் கீறிய கை யாருக்கும் வலிக்கும். நாள்தோறும் ஹெராயின் எடுத்துப் பழகிய உடலுக்கோ, வழக்கமான அளவு வலிமருந்து போதாது. ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் மெத்தடோன் என்ற மருந்தை எடுப்பவர்களின் விஷயத்தில் இன்னொரு தவறும் நடக்கிறது. 'தினமும்தான் மருந்து எடுக்கிறாரே, தனியாக வலிமருந்து எதற்கு?' என்று விட்டுவிடுகிறார்கள். மெத்தடோன் ஒரு வேளை எடுத்தால், விலகல் அறிகுறிகளை, அதாவது பழகிய பொருள் நின்றதும் உடல் படும் அவதிகளை, ஏறக்குறைய ஒரு நாள் தடுத்து நிறுத்தும். வலியைத் தணிப்பதோ ஆறு முதல் எட்டு மணி நேரம்தான். ஆகவே அவருக்கும் வலிமருந்து தனியாக வேண்டும்.

அன்றிரவு அவர் பட்ட அவதியில் பாதி, வலியாகவே இல்லாமலும் இருந்திருக்கலாம். கடைசியாக ஹெராயின் எடுத்த எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் விலகல் அறிகுறிகள் தொடங்கிவிடும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும், மூக்கும் கண்ணும் ஒழுகும், எலும்பு மூட்டெல்லாம் குடையும், வயிறு கலங்கும். கண்மணி விரிவதையும் உடல் புல்லரிப்பதையும் யாராலும் நடித்துக் காட்ட முடியாது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போய்ப் பார்த்திருந்தால், பிரித்தறியும் வேலை அங்கேயே முடிந்திருக்கும். இந்த அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டுக் கணக்கிடும் அட்டவணைகளும் உண்டு. மருத்துவரிடம் கேட்டு ஒன்றை வார்டில் வைத்துக்கொள்ளுங்கள். விலகலுக்கு மருந்து கிடைக்காதவர், அதைத் தேடித்தான் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறார். நாமோ 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடுகிறோம்.

தேவைக்கு மேல் மருந்து கேட்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரைத்தூக்கத்தில் கிடப்பவருக்கு அடுத்த வேளை கொடுப்பதற்குமுன் மூச்சை எண்ணத்தான் வேண்டும். ஆனால் கேட்டால்தான் மருந்து என்றிருக்கும் வார்டில் கூப்பாடு ஓயாது. மணிக்கணக்கு வைத்து நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மற்றொன்று, நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்துவதற்குமுன், 'எந்தக் கையில் கிடைக்கும்?' என்று அவரையே கேளுங்கள். நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அப்படிக் கேட்டதற்காக ஒருவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: 'போதை அடிமை' என்று சொல்லக்கூடாது என்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் நடத்தை மாறிவிடுமா?

பதில்: பெயரை மட்டும் மாற்றினால் மாறாது. ஆனாலும் சொல்லுக்கு வலிமை இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 500-க்கும் மேற்பட்ட மனநலப் பணியாளர்களுக்கு ஒரே மனிதரைப் பற்றிய குறிப்பைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கிடைத்த குறிப்பில் அவர் 'போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துபவர்'. மீதிப் பேருக்கு 'போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்'. முதல் குறிப்பைப் படித்தவர்களே, குற்றம் அவருடையது, தண்டனை போன்ற நடவடிக்கை தேவை என்ற கருத்துக்கு அதிகம் சாய்ந்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள் என்பதை மறக்க வேண்டாம். தமிழில் 'அடிமை' என்ற சொல்லை இரக்கத்தோடு சொல்பவர்களும் உண்டு. இருந்தாலும் சொந்தப் புத்தி இல்லாதவர் என்ற பொருள் அதில் ஒட்டிக்கொண்டே வருகிறது. 'ஹெராயின் பயன்படுத்துகிறார், கடைசியாக நேற்று மாலை' என்று எழுதினால் சிகிச்சைக்கு வேண்டிய தகவலும் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: என் தம்பி மருத்துவமனைக்குப் போனபோது, வரவேற்பில் இருந்தவர் அவனைப் பார்த்ததும் மேசைமேல் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். இனி எந்த மருத்துவமனைக்கும் வரமாட்டேன் என்கிறான். இரண்டு மாதமாக எதுவும் எடுக்கவில்லை என்றும் சொல்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: அவர் போக மறுப்பதில் எனக்கு வியப்பில்லை, திரும்பத் திரும்ப வற்புறுத்தாதீர்கள். போதைச் சிகிச்சை மையம் ஏதேனும் ஒன்றுக்கு நீங்களே முதலில் தொலைபேசியில் பேசி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அவரோடு கூடவே போங்கள். மெத்தடோனும், அதைப் போலவே சிகிச்சைக்குத் தரப்படும் பூப்ரெனார்ஃபினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருப்பவை. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று யாராவது சொன்னால் அதைக் காதில் வாங்க வேண்டாம்.

இதைவிட அவசரமானது ஒன்று இருக்கிறது. அவர் எடுத்தது ஹெராயின் போன்ற பொருள் என்றால், இரண்டு மாத இடைவெளியில் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும்; பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள். அப்படி அடங்கும் மூச்சை மீட்கும் மாற்று மருந்தான நலாக்சோன் கிடைக்குமானால் வீட்டில் வாங்கி வையுங்கள். அதைக் கொடுத்து அவர் கண் விழித்தாலும் தனியே விட்டுவிடாமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நலாக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், எடுத்த பொருள் அதற்குப் பிறகும் உடலில் இருக்கலாம்.