பி450 போர்டில் ரைசன் 7600 உட்காராது

கணினியின் பழைய பி450 மதர்போர்டையும் டிடிஆர்4 ரேமையும் வைத்துக்கொண்டு ரைசன் 5 7600 பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டும் மட்டும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 7600 வேண்டாம், ஆர்டர் போட்டிருந்தால் உடனே கேன்சல் செய்துவிடுங்கள். அது ஏஎம்5 சாக்கெட்டுக்கானது (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்தான் சாக்கெட்), உங்கள் போர்டு ஏஎம்4. அதற்கு டிடிஆர்5 ரேமும் தனியாக வாங்க வேண்டும்.

என்னைக் கேட்டால் ரைசன் 5 5600 போதும். ஆனால் இப்போதுள்ள பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸை, அதாவது கணினியைத் தொடங்கிவைக்கும் போர்டின் மென்பொருளை, அப்டேட் செய்துவிடுங்கள். பழைய பயாஸில் 5600-ஐப் போட்டால் திரையில் ஒன்றுமே வராது, போர்டே போய்விட்டதென்று பயந்துவிடுவீர்கள். எந்த வெர்ஷன் வேண்டும் என்பது போர்டு நிறுவனத்தின் தளத்தில் சிபியு சப்போர்ட் பட்டியலில் இருக்கும்.

4060-ஐத் தாராளமாகப் போடலாம். உங்கள் போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் பழைய பிசிஐஇ 3.0 என்பதால் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பவர் சப்ளை தரமான 550 வாட் இருந்தால் சரி.