‘பெரன்னியல்’: தாவரவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்

தென்காசி வாசகர்: தாமிரபரணியும் பெரன்னியல், வாழையும் பெரன்னியல் என்கிறார்களே, எது சரி?

இரண்டும் சரி. லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, ‘அன்னுஸ்’ என்றால் ஆண்டு. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு பெரன்னியல். செடிக்கு அளவுகோல் வேறு: இரண்டு ஆண்டுகளைத் தாண்டி வாழ வேண்டும். குலை தள்ளிய வாழைமரம் முடிந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பக்கக்கன்று விட்டுக்கொண்டே இருக்கும். கணக்கு கிழங்குக்குத்தான்.

சேலம் வாசகி: மிளகாய் விதைப் பாக்கெட்டில் ‘ஆனுவல்’, அதாவது ஓராண்டுச் செடி, என்று போட்டிருக்கிறதே?

பாக்கெட்டை நம்பாதீர்கள். மிளகாய் பெரன்னியல், அதாவது பல்லாண்டுச் செடி. உறைபனி விழும் நாடுகளில் ஒரே பருவத்தில் செத்துவிடுவதால் அப்படி அச்சிடுகிறார்கள்.

கரூர் வாசகர்: கத்தரி?

மிளகாய்க்குச் சொன்னதேதான்.

கோவை வாசகி: எவர்கிரீனும் பெரன்னியலும் ஒன்றா?

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒன்றாகத்தான் தொடங்கின. இன்று எவர்கிரீன் இலையைப் பற்றியது, பெரன்னியல் ஆயுளைப் பற்றியது. தேக்கு இலையுதிர்க்கும், ஆனாலும் பெரன்னியல்.

கொடைக்கானல் வாசகர்: நீலக்குறிஞ்சி ஒருமுறை பூத்துச் செத்துப்போகிறது. அதை எதில் சேர்ப்பது?

அருமையான கேள்வி. பெரன்னியலில்தான். 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதைத்து மடிகிறது. எத்தனை முறை பூத்தது என்பது வேறு கணக்கு. தாளிப்பனையும் இப்படித்தான், பல பத்தாண்டுகள் காத்திருந்து ஒரே முறை பூக்கும். இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் ஓராண்டுச் செடிக்குச் சூரியன், ஈராண்டுச் செடிக்குச் செவ்வாய், பல்லாண்டுச் செடிக்கு வியாழன் எனக் கிரகக் குறிகளை வைத்தார். செவ்வாய் சூரியனைச் சுற்ற ஏறக்குறைய 2 ஆண்டுகள், வியாழன் சுற்ற ஏறக்குறைய 12.

கும்பகோணம் வாசகர்: அப்படியானால் குருப்பெயர்ச்சிதான் குறிஞ்சியைப் பூக்க வைக்கிறது!

இல்லை. லின்னேயஸ் கையாண்டது சுருக்கெழுத்து, சோதிடம் அல்ல.

அதே வாசகர்: மகாமகமும் 12, குறிஞ்சியும் 12. தற்செயலா ஐயா?

தற்செயல்தான். வானத்தில் வியாழன் ஒன்றுதான். ஆனால் நீலக்குறிஞ்சி எல்லா மலைச்சரிவிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. அதன் உறவுச் செடிகளுக்கோ இடைவெளியே வேறு. குரு ஒவ்வொரு சரிவுக்கும் தனித்தனியாகவா பெயர்கிறார்?

திருச்சி வாசகி: கும்பகோணத்தார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே?

இருக்கிற நியாயம் 12 என்ற எண் மட்டும்.

ஈரோடு வாசகர்: தக்காளி பெரன்னியலா?

மேலே மிளகாய்க்குச் சொன்னதைப் படியுங்கள். பாக்கெட்டை நம்பாதீர்கள்.

மதுரை வாசகி: அதை எந்தத் திசையில் நட வேண்டும்?

வெயில் படும் திசையில். வாஸ்து என் துறை அல்ல, கும்பகோணத்தாரைக் கேளுங்கள்.