நான்கு எழுத்தும் ஒரு டிரக்டரும்

வணக்கம் சேர்,

திருக்கோவில் என்ற ஊரில் தரம் 8 பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். போன கிழமை ஈ, ஏ, ஆர், ரி ஆகிய நான்கு எழுத்தும் உள்ள சொற்களை எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் போனில் தேடி, நானே கேள்விப்படாத சொற்களைப் பக்கம் பக்கமாக எழுதி வந்தார்கள். மற்றவர்கள் நாலைந்தோடு நின்றுவிட்டார்கள். இப்படித் தேடுவதற்கு முறை ஏதும் இருக்கிறதா? போனைத் தடுக்க வேண்டுமா? பிள்ளைகளுக்கு இதனால் உண்மையில் பயன் உண்டா?

ஓர் ஆங்கில ரீச்சர்

அன்புள்ள ரீச்சர்,

பயன் நிறையவே உண்டு. எங்கள் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைக் காதால்தான் பிடிக்கிறார்கள். தமிழில் அது பெரும்பாலும் போதும், கேட்டபடி எழுதினால் சரியாக வந்துவிடும். ஆங்கிலத்தில் வராது. உங்கள் வகுப்பில் யாராவது டிரக்டர் என்று எழுதியிருப்பார்களே? வயல்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று வாயில் வருகிற சொல் அது. காதுக்குத் தண்ணீர் என்ற வோட்டர் போலவே முடிகிறது. ஆனால் அதன் கடைசியில் இருப்பது ஓவும் ஆரும்தான், ஈ எங்கேயும் இல்லை. டொக்டரும் அப்படியே. கரட்டில் ஏ, ஆர், ரி மூன்றும் இருக்கும், ஈ இருக்காது. ஒரு சொல்லை இப்படி எழுத்தெழுத்தாகக் கழற்றிப் பார்க்க வைக்கிறது என்பதற்காகவே இந்தப் பயிற்சி எனக்குப் பிடிக்கும்.

நீங்கள் தெரிவு செய்த எழுத்துகளும் நல்லவை. எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கிற ஸ்கிரபிள் விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கர் அல்பிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் கட்டைகளைப் பிரித்தார். ஆங்கில ஸ்கிரபிளின் 100 கட்டைகளில் ஈ 12, ஏ 9, ஆரும் ரியும் 6 படி. மூன்றிலொரு பங்கு உங்கள் நான்கு எழுத்திலேயே அடங்கிவிடுகிறது. கியூவும் இசட்டும் ஒவ்வொன்றுதான். அவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

முறைக்கு வருகிறேன். நாலைந்தோடு நிற்கிற பிள்ளை, நான்கு எழுத்தையும் நான்கு தனித் துண்டாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி அடுக்குகிறது. நான்கு எழுத்தை 24 விதமாக அடுக்கலாம். ஏழு எழுத்தென்றால் 5040 விதம். அப்படித் தேடி முடியாது. ஆங்கிலத்தில் எழுத்துகள் கூட்டம் கூட்டமாகத்தான் திரியும், அந்தக் கூட்டத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். முதலில் ஈயையும் ஆரையும் சேர்த்துச் சொல்லின் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள். இனி ஏக்கும் ரிக்கும் மட்டும் இடம் தேடினால் போதும்: வோட்டர், லேட்டர், காலநிலை என்ற வெதர், ஃபாதர், மகள் என்ற டோட்டர் எல்லாம் வந்து விழும். உங்களைக் கூப்பிடுகிற ரீச்சரும் இதில்தான். அப்புறம் காது என்ற இயர். அதன் மூன்று எழுத்தையும் குலைக்காமல் வைத்து ரியைச் சேர்த்தால் கண்ணீர் என்ற ரியர். கூடவே ஒரு எச் போட்டால் இதயம் என்ற ஹார்ட். அந்த எச்சைக் கடைசிக்குத் தள்ளினால் பூமி என்ற ஏர்த். ஒரே ஐந்து எழுத்து, சத்தமோ முழுக்க வேறு. இதைக் கரும்பலகையில் நீங்கள் எழுதிக் காட்டத்தான் வேண்டும், சொன்னால் விளங்காது. மூன்றாவது, ஏ, ரி, யூ, ஆர், ஈ என்று முடிகிற கூட்டம்: நேச்சர், கிரியேச்சர். வீட்டுப் பொருட்களையும் விடாதீர்கள். பற்றறியில் நான்கும் இருக்கிறது, மார்க்கட்டிலும் இருக்கிறது.

கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். தந்த எழுத்துகள் எங்கேயாவது இருந்தால் போதுமா, அதே வரிசையில் ஒட்டி வரவேண்டுமா, வேறு எழுத்தே சேரக்கூடாதா? மூன்றும் வேறு வேறு கணக்கு. கடைசி வகைக்கு ஒரு வழி இருக்கிறது. சொல்லின் எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி எழுத வேண்டும். ஹார்ட்டும் ஏர்த்தும் ஏ, ஈ, எச், ஆர், ரி என்று ஒன்றாகிவிடும். கணினியும் இப்படி அடுக்கி, அதே எழுத்துகள் உள்ள சொற்களை ஒன்றுசேர்க்கலாம்.

போனைத் தடுக்காதீர்கள், பிந்தி வர விடுங்கள். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015 இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது, சொற்களை எழுத்தாகவே மனதில் ஏற்றியிருந்தார். அது பெரிய திறமை, மறுக்க முடியாது. ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குத் தேவை ஆங்கிலம். ஆகவே முதலில் கொப்பியில் கையால் எழுதட்டும். பிறகு போனில் பார்த்து, தாங்களே ஒரு வசனம் அமைக்கக்கூடிய சொற்களை மட்டும் சேர்க்கட்டும். விளங்காத நாற்பது சொல்லைக் கொண்டுவரும் பிள்ளையைவிட, விளங்கிய பன்னிரண்டைக் கொண்டுவரும் பிள்ளைக்கே நான் கூடப் புள்ளி போடுவேன்.

அடுத்த கிழமைக்கு ஐ, ஜி, எச், ரி கொடுத்துப் பாருங்கள். லைட், நைட், ரைட் எல்லாரும் எழுதுவார்கள். ஜியும் எச்சும் வாயில் வராமலே எழுத்தில் நிற்பதை அங்கே காட்டலாம். எட்டு என்ற எய்ட், பாரம் என்ற வெயிட் என்று சிலர் போவார்கள். பொருள் என்ற திங்கிலும் அந்த நான்கு எழுத்தும் இருப்பதை யார் பிடிக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நைட்டின் அதே ஐந்து எழுத்துத்தான் அது.