ஊராட்சியில் பணம் மிச்சமிருக்கிறது, ரோடு போடலாமா?

டெல்டா ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு, ஊரக வளர்ச்சித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரின் பதில்கள்.

அண்ணே, ஊராட்சிக் கணக்கில் பணம் கிடக்கிறது. ரோட்டுக்குக் கேட்டால் “அது வேறு நிதி” என்கிறார் செயலர். தட்டிக்கழிக்கிறாரா? (திருத்துறைப்பூண்டி)

அவர் சொல்வதில் நியாயம் இருக்கலாம் தம்பி. எந்தக் கணக்கில் மிச்சம் என்று கேளுங்கள். வீட்டு வரி போன்ற சொந்த வருவாய் பொது நிதியில் இருக்கும். அதில் ரோடு போடலாம். கரண்ட் பில்லுக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒதுக்கியதைத் தொட முடியாது. மத்திய அரசு தரும் 15ஆவது நிதிக்குழு (2021-26) மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும். மீதி 40இல் ரோடு போடலாம், சம்பளம்தான் கொடுக்கக்கூடாது. ஆக, அந்த மானியத்தில் 10 லட்சம் வந்தால் ரோட்டுக்கு வாய்ப்புள்ளது 4 லட்சம்தான்.

டெண்டர் குறைவாகப் போய் மிஞ்சிய பணத்தில் அடுத்த தெருவையும் சேர்த்துப் போடலாமா சார்? (பாபநாசம்)

சேர்த்துப் போட முடியாது. அடுத்த தெரு தனி வேலை. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் புதிதாக வேண்டும். நிதிக்குழுப் பணம் என்றால் அந்தத் தெரு ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பில் நகராது.

சீக்கிரம் முடிய எப்போது ஆரம்பிக்கலாம்? (கீழ்வேளூர்)

நல்ல கேள்வி. காகித வேலையை மழைக்காலத்தில் முடித்துவிடுங்கள். அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானம்; அப்புறம் மழை விட்ட நாட்களில் அளவெடுப்பு, மதிப்பீடு. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றும் ஓட்டம் அடங்கிய பிறகுதான் தார். முன்னாலேயே போட்டால் லாரியும் டிராக்டரின் கேஜ் வீலும் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) புது ரோட்டைப் பிய்த்துவிடும். பங்குனி, சித்திரை வெயில்தான் நமக்குச் சரி. ஜூனில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் சிறுபாலத்துக்கு அடித்தளம் தோண்டுவதே பெரும்பாடு.

பணம் கொஞ்சம்தான் என்றால் முதலில் சிறுபாலத்தையும் பக்க வடிகாலையும் கட்டச் சொல்வேன். நம் களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தண்ணீர் வடிய வழியில்லாமல் மேலே எவ்வளவு தார் ஊற்றினாலும் அடுத்த ஐப்பசி தாங்காது. திறப்பு விழாவுக்குத் தார் ரோடுதான் எடுப்பாக இருக்கும், அது வேறு விஷயம்!

வாய்க்கால் கரை ரோடு? (திருவையாறு)

கரை நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களுடைய தடையின்மைச் சான்று வேண்டும். டெண்டருக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வேலை பெரும்பாலும் இங்கேதான் நிற்கிறது.

கணக்கைக் காட்ட மறுத்தால்? (மன்னார்குடி)

கிராம சபையில் வரவு செலவை வைத்தாக வேண்டும். ஊராட்சிக் கணக்குகளுக்கான அரசு இணையதளமான இ-கிராம்ஸ்வராஜிலும் பார்க்கலாம். அதிலும் தெளிவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். “எவ்வளவு மிச்சம்” என்று மட்டும் கேட்காமல், கணக்கு வாரியாக இருப்பு எவ்வளவு என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு முறையும் ரோடு உயர்ந்து, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதே? (குத்தாலம்)

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும். அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்டால் “எஸ்டிமேட்டில் இல்லை” என்பார்கள்.