வட்டத்துல உட்காருங்க! – வாசகர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நம்ம சேலத்துப் பக்கம். போன இதழில் என் பழைய கதையை எழுதியதால் வந்த வினை. படிக்காதவர்களுக்கு இரண்டு வரி: நான் ஏற்காடு மலையில் காபித் தோட்டத் தொழிலாளியின் மகள். 14 வயதில், ஊர் அக்கா ஒருத்தி நடத்திய பிள்ளைகள் குழுவில் சேர்ந்தேன். 19 வயதில் அதை நானே நடத்தினேன். இப்போது 36.

எங்கள் தெருப் பிள்ளைகள் 14 பேரைச் சேர்த்து ஞாயிறு காலை 10 மணிக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பு எடுக்கிறேன். நாலே வாரத்தில் அஞ்சு பேர் ஆகிவிட்டார்கள். பையன்கள் ஒருத்தர்கூட வருவதில்லை. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை

தங்கச்சி, உன் முழுக் கடிதத்தில் ‘வகுப்பு’ என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். வாரமெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையை ஞாயிறும் உட்காரச் சொன்னால் ஓடத்தான் செய்யும்.

நேரத்தையும் நீயே குறித்திருக்கிறாய். தறி ஓடுகிற வீட்டில், பள்ளிக்கூடம் இல்லாத நாளில்தானே பிள்ளைகளைத் தார்க் குச்சியில் நூல் சுற்ற உட்காரவைப்பார்கள்? எங்கள் மலையில் காபிப் பழம் பறிக்கிற மாதங்களில் பகலில் ஒரு பிள்ளை கிடைக்காது. அதனால் ராத்திரி ஏழு மணிக்கு, கோயில் திண்ணையில், ஒற்றைப் பல்பு வெளிச்சத்தில் கூடினோம். அந்த நேரத்தைச் சொன்னது பிள்ளைகள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்து வாழ்க்கைத் திறன்களைப் பட்டியல் போட்டது. முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, அடுத்தவர் நிலையை உணர்வது, கோபத்தையும் மன அழுத்தத்தையும் கையாள்வது இப்படி. நல்ல பட்டியல். ஆனால் எங்கள் அக்கா ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. குழு உண்டியலைக் கவிழ்த்தாள். 340 ரூபாய். “கேரம் போர்டா, டார்ச் லைட்டா? நான் வெளியே நிக்கிறேன். முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க” என்று போய்விட்டாள். ஒன்றரை மணி நேரம் சண்டை. ஒருத்தன் அழுதுவிட்டான். கடைசியில் கேரம் போர்டு ஜெயித்தது. மலை மழைக்கு இரண்டே மாதத்தில் பலகை உப்பி, காய் நகரவில்லை. ‘நான் அப்பவே நினைச்சேன்’ என்று அக்கா சொல்லவே இல்லை, அதுதான் பெரிய விஷயம். அடுத்த உண்டியலில் டார்ச் வாங்கினோம்.

பையன்களை வட்டமாக உட்காரவைத்து ‘மனசுல என்ன இருக்கு?’ என்று கேட்காதே. எழுந்து போவார்கள். கணக்கு நோட்டைக் கொடு, பந்தலைக் கட்டச் சொல். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும்.

எட்டாவது படிக்கும் என் மகள் குழு, குழு என்று அலைகிறாள். அதை நடத்துகிற இருபது வயசுப் பெண் என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்? இவளும் இப்போது எதிர்த்துப் பேசுகிறாள்.
– ஒரு தாய், நாகலூர்

அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. ஒரு நாள் நீங்களே போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “உனக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தா யாரைக் கேப்பே?” கிராம சுகாதார செவிலியர் என்றோ, பள்ளி ஆசிரியை என்றோ உடனே ஒரு பெயர் வர வேண்டும். வரவில்லை என்றால் மகளை அனுப்ப வேண்டாம்.

அதற்காக, வயதில் சிறியவள் என்றே தள்ளிவிடாதீர்கள். மாதவிலக்கு சந்தேகத்தை நான் என் அம்மாவிடமும் கேட்கவில்லை, டீச்சரிடமும் கேட்கவில்லை. அஞ்சு வயது மூத்த அந்த அக்காவிடம்தான் கேட்டேன். 2014 ஜனவரி 7-ல் மத்திய அரசு தொடங்கிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்திலும், 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்காக, ஊர்ப் பிள்ளைகளையே பயிற்சி கொடுத்துச் சக கல்வியாளர்களாக வைக்கிறார்கள்.

எதிர்த்துப் பேசுகிறாளா? என் அம்மாவும் என்னை ‘வாயாடி’ என்றுதான் திட்டினாள். அடுத்த சீசனில் பழ எடையைக் குறைத்துப் போட்டபோது, மேஸ்திரியிடம் பேச என்னைத்தான் முன்னால் தள்ளினாள்.

குழுவில் 16 வயதுப் பெண் ஒருத்தி, அடுத்த மாதம் தனக்குக் கல்யாணம் என்று அழுதாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், சேலம் மாவட்டம்

இந்தக் கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திருக்க முடியாது. எழுதிய பெண்ணோடு போனில் பேசிவிட்டேன். இது மற்றவர்களுக்காக.

எனக்கும் ஒருத்தி இப்படிச் சத்தியம் வாங்கினாள். அப்போது நான் 19, அவள் 15. சத்தியத்தைக் காப்பாற்றினேன். அவள் பத்தாவது பரீட்சை எழுதவில்லை. பிறகு ஒரு நாள் சந்தையில் இடுப்பில் குழந்தையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். நடப்பதற்கு முன்பே நீதிபதி தடை உத்தரவு போடலாம். அந்த உத்தரவை மீறி நடத்தினால் அது செல்லவே செல்லாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். நீயே அந்த வீட்டுக்குப் போய் வாதாடாதே. அவர்கள் தேதியை முன்னால் இழுத்துவிடுவார்கள், பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

கூப்பிடுவதற்கு முன், அவளிடம் சொல்லிவிடு. “சத்தியத்தை மீறப் போறேன், உனக்காகத்தான்” என்று முகத்தைப் பார்த்துச் சொல். திட்டுவாள், வாங்கிக்கொள்.

அந்தச் சந்தை நாளுக்குப் பிறகு எங்கள் குழுவில் முதல் நாளே சொல்லிவிடுவோம்: இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், ஆனால் கல்யாணப் பேச்சு, தப்பான தொடுகை, உயிருக்கு ஆபத்து – இந்த மூன்றும் வெளியே போகும். இதில் இரண்டாவதை மறைத்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி நமக்கே சிக்கல்.

எங்களுக்கு 18 ஆகவில்லை. கிராம சபையில் எங்கள் பேச்சு எடுபடுமா?
– பத்தாம் வகுப்பு மாணவன், வாழவந்தி

வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். அதனால் கையெழுத்து அம்மாக்களுடையதாக இருக்கட்டும், கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும். எங்கள் ஊர் மாலை பஸ் பள்ளி விடுவதற்கு முன்பே கிளம்பிவிடும். ‘கஷ்டமா இருக்கு’ என்று மனு எழுதினால் யார் படிப்பார்கள்? 12 பள்ளி நாள், பஸ்ஸை விட்டு நடந்து போன பிள்ளைகளின் பேரையும் வீடு சேர்ந்த நேரத்தையும் நோட்டில் எழுதினோம். நோட்டோடு போய்க் கிராம சபையில் மனு கொடுத்தோம். சேலம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுத்தோம்.

பஸ் நேரம் மாறவில்லை. ஆனால் நோட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட டிரைவர் அண்ணன், தானாகவே பத்து நிமிஷம் வண்டியை நிறுத்த ஆரம்பித்தார்.

தமிழ்நாட்டில் இப்போது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கிராம சபை. நோட்டை இன்றே தொடங்குங்கள் தம்பி.

குழுத் தலைவி எத்தனை வயதில் விலக வேண்டும்?
– வாசகி, ஆத்தூர்

பிள்ளைகள் ‘அக்கா, நீங்க சும்மா இருங்க, நாங்க பாத்துக்கறோம்’ என்று சொல்கிற அன்றைக்கு. எனக்கு அது 23-ல் நடந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை, கோபம்.