வட்டியில்லா முன்பணத்தில் படகு மோட்டார் வாங்கலாமா?

கேள்வி: பாக் நீரிணையில் ஃபைபர் படகில் நண்டு வலை போடுகிறேன். 9.9 குதிரைத்திறன் மோட்டார் கைவிட்டுவிட்டது. பழைய டூ ஸ்ட்ரோக் 65,000 ரூபாய்க்கு வருகிறது. புதிய ஃபோர் ஸ்ட்ரோக் 1,70,000. கையில் 70,000 இருக்கிறது. மீதி ஒரு லட்சத்தை வியாபாரி வட்டியில்லாமல் தருகிறேன் என்கிறார். கடன் தீரும்வரை நண்டை அவருக்கே, கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துப் போட வேண்டும். மாதம் 20 நாள் தொழில், நாளுக்கு 12 கிலோ, 10 லிட்டர் பெட்ரோல். என்ன செய்யலாம்?
- வாசகர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அந்த முன்பணத்தை மட்டும் வாங்காதீர்கள். 12 கிலோவுக்கு நாளொன்றுக்கு 240 ரூபாய் போகிறது. மாதம் 4,800, வருடம் 57,600. அவ்வளவு கொடுத்தும் அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். வட்டி என்ற பெயர் இல்லையே தவிர, இது 57 சதவீதத்துக்கு மேல். அதைவிட, நல்ல விலை வரும் நாளில் வேறு ஆளுக்கு நண்டைக் கொடுக்கும் உரிமையும் போய்விடுகிறது. எனக்குப் பெரிய கவலை அதுதான்.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து எடுங்கள். 10 சதவீதம் என்றாலும் மாதம் 833 ரூபாய்தான் வட்டி.

மோட்டாரில் என் ஓட்டு ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு. பத்து லிட்டரில் மூன்று லிட்டர் மிச்சமானால், லிட்டர் 100 ரூபாய் கணக்கில் மாதம் 6,000. டூ ஸ்ட்ரோக்குக்கு 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் கலந்தால் மாதம் நான்கு லிட்டர். அந்தச் செலவும் இல்லை. 100 மணி நேரத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் மாற்றுவது சிறு செலவு. மிச்சமாவதை நகைக்கடனில் கட்டிவந்தால் ஒன்றரை வருடத்துக்குள் நகை வீடு வந்து சேரும். ஆனால் உங்கள் கரையில் ஃபோர் ஸ்ட்ரோக் ஓட்டுபவரிடம் நாளுக்கு எத்தனை லிட்டர் ஆகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கடைக்காரர் சொல்லும் கணக்கு வேண்டாம்.

நகை இல்லை, பழையதுதான் வழி என்றால், அடியில் இருக்கும் கியர் ஆயில் திருகைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் பால் போல் வெளுத்து வந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது. விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஓடவிட்டுப் பார்க்கும்போது குளிர்விக்கும் தண்ணீர் இடைவிடாமல் பீய்ச்ச வேண்டும். ஷாஃப்ட் நீளம் உங்கள் படகின் பின்பலகை உயரத்துக்குப் பொருந்துகிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் மோட்டார் மானியம் இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்ரோல், ஐஸ் செலவுக்கு மீனவர் கிசான் கடன் அட்டைக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். 7 சதவீத வட்டி. தவணை தவறாவிட்டால் 4.